பல நாட்டு பார்க்கின்சன்-தூக்க ஆய்வு: ஆள் சேர்ப்பதற்கு முன் எதை முடித்துக்கொள்ள வேண்டும்?

#1 நிலா_ஒருங்கிணைப்பு

வணக்கம். ஐந்து நாட்டு மையங்கள் சேர்ந்து செய்யப்போகும் ஓர் ஆய்வுக்கு ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். பார்க்கின்சன் நோயாளிகள் ஒரு குழு. இன்னொரு குழு, அந்த நோய் இன்னும் வராத, ஆனால் தூக்கத்தில் கை காலை வீசிக் கனவை நடித்துக்காட்டும் ஆர்பிடி கோளாறு உள்ளவர்கள். ஒவ்வொருவருக்கும் ஆய்வகத்தில் மூளை, கண், தசை அலைகளை எடுக்கும் ஓர் இரவுப் பதிவு, இரண்டு வாரம் மணிக்கட்டில் அசைவைப் பதியும் ஆக்டிகிராஃப், கேள்வித்தாள்கள், ரத்த மாதிரி. அப்புறம் ஆண்டுக்கொரு முறை தொடர் பரிசோதனை.

என் அனுபவமெல்லாம் மருந்துச் சோதனைகளில்தான். அங்கே மாத்திரை ஒரே இடத்திலிருந்து வரும், ரத்தம் ஒரே கூடத்துக்குப் போகும். இங்கே ஒவ்வொரு மையமும் சொந்தத் தூக்க ஆய்வகத்தையும் அதன் பல வருடப் பழக்கங்களையும் வைத்திருக்கிறது. நிதி வந்துவிட்டது. "உடனே ஆள் சேர்க்கலாம், மற்றதைப் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் முதன்மை ஆய்வாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் எதைக் காட்டி அவரை நிறுத்துவது? நீங்கள் எதில் தொடங்குவீர்கள்?

#2 சோம்னோ_டெக்

போகப்போகச் சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டென்றால் அது இரவுப் பதிவுதான். கேள்வித்தாளில் விட்டுப்போனதை ஃபோனில் கேட்டுவிடலாம். பதிவாகாத தசையை யாரிடம் போய்க் கேட்பது?

உங்கள் ஆய்வு நிற்பதே, கனவு அதிகம் வரும் ரெம் தூக்கத்தில் தசை தளர்கிறதா இல்லையா என்பதில்தான். பெரும்பாலான ஆய்வகங்கள் தாடையிலும் கெண்டைக்காலின் முன்பக்கத்திலும் மின்முனை ஒட்டும். மூச்சுத்திணறலையும் கால் உதறலையும் பார்க்க அது போதும். கையில் ஒட்டும் பழக்கம் பல இடங்களில் கிடையாது. ஆனால் இன்ஸ்ப்ரக், பார்சிலோனா ஆய்வாளர்கள் சேர்ந்த சின்பார் குழு 2012இல் வெளியிட்ட அளவுகோல், தாடையோடு விரல் மடக்கும் முன்கைத் தசையையும் சேர்த்தே கணக்கிடுகிறது. ரெம் தூக்கத்தை 3 விநாடித் துண்டுகளாகப் பிரித்து, அதில் 32 சதவீதத்துக்கு மேல் தசை இயக்கம் இருந்தால் ஆர்பிடி. கையில் ஒட்டாத மையத்தில் அந்த 32ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

அடுத்தது, விநாடிக்கு எத்தனை முறை அளவெடுக்கிறார்கள் என்பது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் கையேடு தசைப் பதிவுக்கு 500 ஹெர்ட்ஸ் நல்லது, குறைந்தது 200 என்கிறது. பழைய கருவிகள் 200இலேயே நிற்கும். இதைவிடக் கள்ளத்தனமானது மின்சார இரைச்சலை வெட்டும் வடிகட்டி. சில நாடுகளில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60. தசை அலை பார்க்கும் எல்லை 10 முதல் 100 வரை. அதாவது வெட்டு சரியாக நமக்கு வேண்டிய இடத்தின் நடுவில் விழுகிறது, நாட்டுக்கு நாடு வேறு இடத்தில். பதிவின்போது வடிகட்டியைப் போடாதீர்கள், பார்க்கும்போது போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

கோப்பை, அலைப் பதிவுகளுக்கான பொது வடிவமான இடிஎஃப்பில் கேட்பீர்கள். அது 16 பிட் வடிவம், எண்களுக்கு எல்லை உண்டு. ஏற்றுமதி செய்யும்போது மேல் எல்லை, கீழ் எல்லையைத் தவறாகக் கொடுத்தால் உச்சங்கள் தட்டையாக வெட்டுப்படும், எந்த எச்சரிக்கையும் வராது.

அதனால் நோயாளி யாரையும் தொடும் முன், ஒவ்வொரு மையமும் தன் ஊழியர் ஒருவரைப் படுக்கவைத்து ஒரு வெள்ளோட்டப் பதிவு அனுப்பட்டும். பதிவின் தொடக்கத்தில் "தாடையை இறுக்குங்கள், வலது கை விரல்களை மடக்குங்கள், இடது பாதத்தை அசையுங்கள்" என்று வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். வலது விரலை மடக்கும்போது இடது கைக் கோடு துள்ளினால் அங்கேயே தெரிந்துவிடும். வீடியோவின் நேரமும் அலையின் நேரமும் ஒத்துப்போகிறதா என்பதும் அதிலேயே தெரியும்.

#3 தரவுப்பூனை

நேரம் என்று சோம்னோ_டெக் தொட்டுவிட்டார், அங்கேதான் என் தலைவலியும்.

ஐரோப்பாவில் கோடைகால நேரம் மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு முடிகிறது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. பல நாடுகளில் இந்தப் பேச்சே கிடையாது. இரண்டு வாரம் ஆக்டிகிராஃப் கட்டியவருக்கு நடுவில் மணி மாறினால் என்ன ஆகும்? கைக்கருவி பழைய நேரத்திலேயே ஓடும். அவர் எழுதும் தூக்க நாட்குறிப்பு புது நேரத்தில் இருக்கும். பகுப்பாய்வில் அவர் திடீரென்று ஒரு மணி நேரம் முன்னதாகத் தூங்கப்போனவர் ஆகிவிடுவார். அதனால் எல்லாக் கருவியும் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடட்டும். உள்ளூர் நேரத்துக்கு எவ்வளவு வித்தியாசம் என்பது தனிக் கட்டத்தில் வரட்டும்.

எந்தக் கையில் கட்டுவது என்பதையும் எழுதி வையுங்கள். வழக்கமாக "பழக்கமில்லாத கை" என்பார்கள். பார்க்கின்சனில் அது சரிப்படாது. விழித்துப் படுத்திருக்கும்போது கை நடுங்கினால் கருவி அசைவு என்று எண்ணும். அசையவே முடியாமல் விறைத்து விழித்துக் கிடந்தால் தூக்கம் என்று எண்ணும். குறைவாகப் பாதிக்கப்பட்ட கையில் கட்டுவது என முடிவுசெய்து, எந்தக் கை என்பதையும் படிவத்தில் கேளுங்கள்.

பார்க்கின்சனின் முக்கிய மருந்தான லெவோடோபாவின் கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று ஒரு கட்டம் கட்டாயம். "இரவு" என்று எழுதினால் படிவம் ஏற்கக் கூடாது.

#4 பழைய_நரம்பியல்

கருவியைப் பற்றி நண்பர்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் கருவி ஒன்றாக இருந்து, உள்ளே படுக்கும் ஆட்கள் வேறு வேறு வகையாக இருந்தால்?

ஆர்பிடியை ஷெங்க், மஹோவால்ட் குழுவினர் மினியாபோலிஸில் விவரித்தது 1986இல். பத்து வருடம் கழித்து, அவர்கள் பின்தொடர்ந்த 29 ஆண்களில் 38 சதவீதத்தினருக்கு பார்க்கின்சன் வகைக் கோளாறு வந்திருந்தது. 2019இல் போஸ்டுமா தலைமையில் 24 மையங்கள் 1,280 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆண்டுக்கு சுமார் 6.3 சதவீதம் பேர் பார்க்கின்சன் வகை நோய்க்குள்ளோ மறதி நோய்க்குள்ளோ போனார்கள். 12 ஆண்டுகளில் 73.5 சதவீதம். உங்கள் ஆய்வின் மாதிரி அளவை இந்த எண்களிலிருந்துதான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கவனியுங்கள், அவை தூக்க மையங்களுக்குத் தேடி வந்தவர்களின் எண்கள். உங்களில் ஒரு மையம் விளம்பரம் கொடுத்துப் பொதுமக்களிடமிருந்து சேர்த்தால் அந்த வேகம் அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பொதுமக்களிடம் சலிப்பதற்கு ஒற்றைக் கேள்வி ஒன்று 2012இல் வந்தது. உணர்திறன், அதாவது நோய் இருப்பவரைப் பிடிப்பது, 93.8 சதவீதம்; தனித்தன்மை, அதாவது இல்லாதவரைச் சரியாக விடுவது, 87.2 சதவீதம். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் நடுவயது கடந்தவர்களில் ஆர்பிடி ஏறக்குறைய 1 சதவீதம்தான். ஆயிரம் பேரிடம் கேட்டால் உண்மையான பத்துப் பேரில் ஒன்பது பேர் சிக்குவார்கள். கூடவே இல்லாதவர்கள் சுமார் 127 பேர் "ஆம்" சொல்லியிருப்பார்கள். ஒன்பது பேரைப் பிடிக்க 136 இரவுப் பதிவு. அந்தப் பணம் உங்கள் பட்ஜெட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள் நிலா.

இன்னொன்று மருந்து. மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் ரெம்மில் தசைத் தளர்வைக் குலைக்கும். ஆய்வுக்காக அவற்றை நிறுத்தச் சொல்ல முடியாது, கூடாது. ஒரு மையம் அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கும், இன்னொன்று தள்ளும் என்று விடாதீர்கள். பார்க்கின்சன் மருந்துகளை லெவோடோபா சம அளவாக மாற்றும் பட்டியலும் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். 2010 பட்டியலும் உண்டு, 2023இல் புதுப்பித்ததும் உண்டு. ஆளுக்கொன்று எடுத்தால் அவ்வளவுதான்.

#5 நிலா_ஒருங்கிணைப்பு

136 என்ற கணக்கைக் குறித்துக்கொண்டேன் சார், நாளைக்கே பேசுகிறேன். ஒரு மையம் உண்மையிலேயே விளம்பரம் மூலம் சேர்க்கப்போவதாகத்தான் சொல்லியிருக்கிறது.

இன்னொரு சிக்கல். பதிவுகளை ஒரே இடத்தில் மதிப்பிடலாம் என்று சொன்னதும் இரண்டு மையங்களுக்கு முகம் மாறிவிட்டது. "எங்கள் ஆட்களுக்கு வராததா?" என்று கேட்கிறார்கள்.

#6 அலைவாசிப்பு

வரும். நன்றாகவே வரும். ஆனாலும் ஒரே பதிவை நல்ல பயிற்சி உள்ளவர்கள் தனித்தனியாகப் பார்த்துத் தூக்க நிலையைக் குறித்தாலே ஒத்துப்போவது ஏறக்குறைய 82.6 சதவீதம்தான். அமெரிக்க அகாடமியின் மதிப்பீட்டாளர் ஒப்பீட்டுத் திட்டத்திலிருந்து 2013இல் வெளிவந்த எண் அது. மெல்லிய முதல் நிலைத் தூக்கத்தில் 63 சதவீதம்.

பார்க்கின்சனில் இன்னும் மோசமாகும். இரண்டாம் நிலையை நாம் அடையாளம் காண்பது ஸ்பிண்டில், கே காம்ப்ளெக்ஸ் என்ற மூளை அலை வடிவங்களை வைத்து. இந்த நோயில் அவை குறையும். விழிப்பின் ஆல்ஃபா அலையும் மந்தப்படும். ரெம்மை அடையாளம் காணத் தாடை தளர வேண்டும் என்பது விதி. ஆர்பிடியில் தாடை தளராது, அதுதானே நோய்! விதியை அப்படியே பிடித்துக்கொள்பவர் பதிவின் அந்தப் பக்கத்தை விழிப்பு என்று போடுவார். கண் அசைவை நம்புபவர் ரெம் என்று போடுவார். ரெம்மே சுருங்கிவிட்டால் அதற்குள் தசை இயக்கம் எத்தனை சதவீதம் என்ற கணக்கும் மாறிப்போகும். இது யார் திறமைசாலி என்ற பிரச்சினையே இல்லை. எந்த ஏற்பாட்டை எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம் என்பதுதான்.

கௌரவத்துக்கு வழி உண்டு. நோயாளியின் சிகிச்சைக்கான அறிக்கையை மையமே எழுதட்டும், அது அவர்கள் உரிமை. ஆய்வுக்கான மதிப்பீடு மட்டும் பொதுவாக. அதற்கும் ஒவ்வொரு மையத்திலிருந்தும் ஒருவரைச் சேருங்கள். யார் பதிவு, எந்தக் குழு என்று தெரியாமல் பிரித்துக் கொடுங்கள். ஒரு பங்கை இரண்டு பேரிடம் கொடுத்து ஒப்பிடுங்கள். தன் ஆள் உள்ளே இருந்தால் முகம் தானாகச் சரியாகிவிடும்.

#7 வேகம்99

இதையெல்லாம் இப்போது ஏஐ செய்துவிடுமே, எதற்கு இவ்வளவு பாடு?

#8 அலைவாசிப்பு

தானியங்கி மதிப்பீடு வந்துவிட்டது, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். அதற்குக் கற்றுக்கொடுத்த பதிவுகளில் இப்படிப்பட்ட மூளைகள் எவ்வளவு இருந்தன என்று பாருங்கள். ரெம்மில் தாடை துடிப்பதைப் போதுமான அளவு பார்க்காத நிரலியும் விதியைப் பிடித்துக்கொள்ளும் ஆள் மாதிரியே தடுமாறும். முதல் சுற்றை அது செய்யட்டும், ரெம் பக்கங்களை மனிதர் பார்க்கட்டும்.

#9 நெறிக்குழு_உள்ளிருந்து

நான் ஒரு நெறிமுறைக் குழுவில் இருக்கிறேன். எங்களிடம் வரும் பல நாட்டு விண்ணப்பங்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் சிக்கும்.

ஒன்று, தரவுப் பயணம். "பெயரை எடுத்துவிட்டுக் குறியீட்டு எண் போட்டுவிட்டோம், ஆகவே தனிநபர் தரவு இல்லை" என்று எழுதுவார்கள். 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஜிடிபிஆர் சட்டப்படி, பெயரோடு சேர்க்கும் சாவி உங்கள் ஆய்வுக் குழுவிடம் இருக்கும் வரை அது உங்களுக்குத் தனிநபர் தரவுதான். ஐரோப்பாவிலிருந்து வெளியே போனால் அதற்கென்று சட்ட வழி வேண்டும். 2020 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் அமெரிக்காவுக்குத் தரவு அனுப்ப வழிவிட்ட பிரைவசி ஷீல்டு ஏற்பாட்டை ரத்து செய்தபோது, அதை நம்பி இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஒற்றை வழியை நம்பாதீர்கள். முடிந்தவரை தரவு அந்தந்த இடத்திலேயே இருந்து, கணக்கு மட்டும் அங்கே போய்வரும் டேட்டாஷீல்டு போன்ற முறையை ஆரம்பத்திலேயே யோசியுங்கள். இரவு வீடியோவுக்குத் தனி ஒப்புதல் வாங்குங்கள். தூங்குகிற மனிதரின் முகத்தை எந்தக் குறியீட்டு எண்ணும் மறைக்காது.

இரண்டாவது இன்னும் கனமானது. ஆர்பிடி உள்ளவரைச் சேர்க்கிறீர்கள். அவருக்குப் பின்னாளில் பார்க்கின்சனோ, லூவி உடல் மறதி நோயோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று பழைய_நரம்பியல் சொன்ன எண் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தெரியுமா? வருவதைத் தடுக்கும் என்று நிரூபணமான மருந்து இன்றைக்கு இல்லை. ஒரு மையம் விளக்கமாகச் சொல்லி, இன்னொரு மையம் "தூக்க ஆய்வு" என்று மட்டும் சொன்னால், ஒரே ஆய்வில் இரண்டு விதமான மனிதர்களை உருவாக்குகிறீர்கள். பயம், மனச்சோர்வு, தூக்கம் எல்லாமே நீங்கள் அளப்பவை என்பதை மறக்க வேண்டாம்.

#10 பழைய_நரம்பியல்

எல்லாவற்றையும் முதல் நாளே கொட்ட வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவருக்கும் உரிமை உண்டு.

#11 நெறிக்குழு_உள்ளிருந்து

கொட்டச் சொல்லவில்லை டாக்டர், கேட்கச் சொல்கிறேன். "இந்தக் கோளாறு பிற்காலத்தில் சில நரம்பு நோய்களோடு தொடர்புடையது. அதைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று கேட்டு, பதிலைக் குறித்து, ஒவ்வோர் ஆண்டும் திரும்பக் கேளுங்கள். தொடர்பு இருக்கிறது என்பதையே மறைத்து வாங்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. இணையத்தில் ஒரு தேடலில் அவரே கண்டுபிடித்துவிடுவார், அப்போது கூட யாரும் இருக்க மாட்டார்கள். அதே போல, பதிவில் கடுமையான மூச்சுத்திணறல் தெரிந்தால் யார், எத்தனை நாளுக்குள் சொல்வது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

#12 அருகில்_படுப்பவள்

நான் ஆய்வாளர் இல்லை. என் கணவருக்கு பார்க்கின்சன், இது மாதிரி ஓர் ஆய்வில் சில வருடமாக இருக்கிறோம். படித்துக்கொண்டே வந்ததில் சொல்லத் தோன்றியது.

தூக்கத்தில் அவர் என்ன செய்கிறார் என்று அவரிடம் கேட்டால் "நன்றாகத் தூங்கினேன்" என்பார். பார்ப்பது நான். ஆனால் படிவத்தில் எனக்கு இடமே இல்லை, "துணைவர் சொல்வது" என்று கடைசியில் ஒரு வரி. இரண்டு வருடம் முன்பு முகத்தில் அடி விழுந்த பிறகு நான் பக்கத்து அறைக்கு மாறிவிட்டேன். அதற்கப்புறம் வந்த படிவத்தில் "கடந்த மாதம் எத்தனை முறை கத்தினார், கை வீசினார்?" என்று கேட்டிருந்தது. எனக்குத் தெரிந்த அளவில் ஒன்றுமில்லை என்று எழுதினேன். அவருக்குக் குணமாகிவிட்டது என்று கணக்கில் ஏறியிருக்கும்! ஒரே அறையில் படுக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் அந்தக் காகித நாட்குறிப்பு. அவர் எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும், கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். இரண்டாம் வாரம் நான்தான் நிரப்பினேன். எத்தனை வீட்டில் இப்படியோ.

#13 தரவுப்பூனை

அம்மா, உங்கள் முதல் பத்தியை எங்கள் படிவக் குழுவுக்கு அப்படியே அனுப்பப்போகிறேன். "ஒரே அறையா, எப்போதிலிருந்து", "இதை நிரப்பியவர் யார்", இரண்டு கட்டமும் சேர்கிறது.

#14 கணக்கு_ஏடு

பணத்தை யாரும் தொடவில்லையே. ஆள் சேர்த்த எண்ணிக்கைக்குப் பணம் என்று உள்ஒப்பந்தம் எழுதியிருந்தால் மாற்றுங்கள். எண்ணிக்கைக்குக் கொடுத்தால் எண்ணிக்கைதான் வரும். தரச் சோதனையில் தேறிய பதிவுக்குப் பெரும்பகுதி, ஆண்டுத் தொடர் பரிசோதனை முடிந்தால் மீதி என்று வையுங்கள். வெள்ளோட்டப் பதிவுக்கும் பணம் கொடுங்கள், அதை இனாமாகக் கேட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். முதன்மை ஆய்வாளரை நிறுத்த வேறு வாதமே வேண்டாம். சோம்னோ_டெக் சொன்ன சோதனையில் முதல் மையம் தவறியதும், தேறாத ஓர் இரவின் விலையை மையங்களின் எண்ணிக்கையால் பெருக்கி அவர் மேசையில் வையுங்கள்.

நிர்வாகச் செலவு விகிதம் நிதி தருபவருக்குத் தருபவர் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் ஐரோப்பா நிதியில் நேரடிச் செலவின் மேல் 25 சதவீதம் நிலையாக உண்டு. வேறு இடங்களில் வெளிநாட்டு மையத்துக்கு அதைவிடக் குறையும். இரண்டு நிதி கலந்தால் ஒரே வேலைக்கு இரண்டு விலை ஆகும். இன்னொன்று, 2025 மேயில் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஹெச், தன் மானியத்திலிருந்து வெளிநாட்டு மையங்களுக்கு உள்மானியம் போகும் பழைய முறையை நிறுத்துவதாக அறிவித்தது. பல திட்டங்கள் திகைத்து நின்றன. ஒரு நாட்டின் பணம் நின்றால் எந்த வேலை தொடரும், எது நிற்கும் என்று ஒரு பக்கமாவது எழுதி வையுங்கள்.

#15 பழைய_நரம்பியல்

ஆசிரியர் பட்டியலுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் ஐசிஎம்ஜேஇ குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது, நான்கும் பூர்த்தியாக வேண்டும். ஆள் அனுப்பியதற்காக மட்டும் பெயர் வராது. அதைச் சொல்ல வேண்டிய நேரம் இப்போது, முதல் கட்டுரை எழுதும்போது இல்லை. கூடவே ஒரு யோசனை: எல்லாவற்றையும் புதிதாக எழுதாதீர்கள். மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளை 2010இல் தொடங்கிய பிபிஎம்ஐ என்ற பல நாட்டு பார்க்கின்சன் ஆய்வின் திட்ட ஆவணங்களும் செயல்முறைக் கையேடுகளும் பொதுவில் கிடைக்கின்றன. ஆர்பிடி உள்ளவர்களையும் அவர்கள் பின்தொடர்கிறார்கள்.

#16 சோம்னோ_டெக்

கேள்வித்தாள் உரிமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்வர்த் தூக்கக் கலக்க அளவுகோலில் எட்டே கேள்விதான், ஆனால் சும்மா நகலெடுக்க முடியாது. பார்க்கின்சனின் தீவிரத்தை அளக்கும் எம்டிஎஸ்-யுபிடிஆர்எஸ்க்கும், அதை வெளியிடும் எம்டிஎஸ் என்ற இயக்கக் கோளாறு மருத்துவச் சங்கத்தின் அனுமதியும் அவர்கள் ஏற்ற மொழிப் பதிப்பும் வேண்டும். இதெல்லாம் மெதுவாக வரும்.

#17 நிலா_ஒருங்கிணைப்பு

எல்லோருக்கும் நன்றி. முதன்மை ஆய்வாளரிடம் பேசிவிட்டேன். ஒரு மையத்தின் பழைய பதிவை மாதிரிக்கு வாங்கிப் பார்த்தோம், கைத் தசை அதில் இல்லவே இல்லை. அதைக் காட்டியதும் அவரே "வெள்ளோட்டம் முடியட்டும்" என்றார். தேறிய மையம் மட்டும் ஆள் சேர்க்கத் தொடங்கும், மற்றவை பின்னால் வரும். விளம்பரத்தில் சேர்க்கும் மையத்தை இப்போதைக்குத் தூக்க மையத்துக்கு வருபவர்களோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம், அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்ற கேள்வி எல்லா ஒப்புதல் படிவத்திலும் ஒரே வாக்கியமாக வருகிறது. பணம் தரத்துக்கு என்பதில் இன்னும் இழுபறி.

அருகில்_படுப்பவள் அம்மாவுக்கு ஒரு கேள்வி. ஆண்டுத் தொடர் பரிசோதனைக்கு நடுவே ஃபோனில் ஒருமுறை பேசுவோம். எந்த நேரத்தில் கூப்பிட்டால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது?

#18 அருகில்_படுப்பவள்

நேரம் நீங்கள் முடிவு செய்யாதீர்கள் நிலா, மாத்திரை முடிவு செய்யும். போட்டு முக்கால் மணி, ஒரு மணி கழித்து அவர் நன்றாகப் பேசுவார். அடுத்த மாத்திரைக்கு முன்னால் குரல் இறங்கிவிடும், கேட்டதற்கு "ஆமாம், ஆமாம்" என்று சொல்லி ஃபோனை வைக்கப் பார்ப்பார். எல்லோருக்கும் வேறு வேறு நேரம் இருக்கும், அதனால் சேர்க்கும்போதே வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு காலை பத்து மணி. என்னிடமும் தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள், அவர் பக்கத்தில் இல்லாதபோது.